இரவல் நாடி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் சட்டையின் மூன்றாவது பொத்தானை யாரோ வேறு நூலில் தைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சட்டைக்குச் சந்தன நிற நூல். தூரத்திலிருந்து தெரியாது, இப்படி எதிரே உட்கார்ந்தால் கண்ணை உறுத்தும். காலை அவசரத்தில் நீங்களே தைத்துக்கொண்டது போல இருக்கிறது. வீட்டில் அவர்கள் ஊரில் இல்லையா? சரி, அது உங்கள் சொந்த விஷயம். நான் கேட்கவில்லை.

நீங்கள் கேட்டு நான் சொல்லி அதை உங்கள் எழுத்தர் தட்டுவதைவிட நானே எழுதித் தருவது நல்லது என்று நினைத்தேன். அவர் நல்ல பிள்ளைதான். ஆனால் நான் ‘வருத்தமாக இருந்தது’ என்று சொன்னதை ‘வருத்தம் தெரிவித்தார்’ என்று எழுதுகிறார். இரண்டும் ஒன்றல்ல.

நான் தையற்காரி. எங்கள் குடியிருப்பில் தரைத்தளம், படிக்கட்டுக்கு நேர் எதிரே ஜன்னல். ஜன்னலோரமாக மெஷின். மெஷினை அங்கே போட்டது வெளிச்சத்துக்காக. யார் படி ஏறினார், கையில் என்ன பை, இறங்கும்போது அந்தப் பை இருந்ததா என்பதெல்லாம் வெளிச்சத்தோடு சேர்ந்து தானாக வந்து விழுகிறவை. இதற்குப் போய் என்னைக் கண்கொத்திப் பாம்பு என்று இரண்டாம் மாடி நர்ஸம்மா சொல்லுவாள். அவளுக்கு வரும் பார்சலையெல்லாம் அந்தப் பாம்புதான் வாங்கிவைக்கிறது என்பதை மட்டும் சொல்லமாட்டாள்.

என் தலைக்கு நேர் மேலே, முதல் மாடியில், சர்வேயர் இருந்தார். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன், கடல் தாண்டி. ஏதோ கம்ப்யூட்டர் வேலை. என்ன வேலை என்று பலமுறை கேட்டேன், விளங்கச் சொன்னதில்லை. அவருக்கே விளங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

அந்த மகன் ஞாயிறு தவறாமல் எனக்குப் போன் செய்வார்.

“அத்தை, அப்பா எப்படி இருக்காரு? அவரைக் கேட்டா ‘எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்’னுதான் சொல்லுவாரு. நீங்க சொல்லுங்க.”

நான் சொல்லுவேன். எந்தக் கிழமை இருமினார், குளியலறையில் தண்ணீர் எவ்வளவு நேரம் ஓடியது, பூங்காவில் யாரோடு உட்கார்ந்தார், என்ன பேசிச் சிரித்தார்கள், எல்லாம். பெற்ற பிள்ளைக்குத் தெரியவேண்டியவைதானே. கடைசியில் அவர், “அப்பாவைப் பாத்துக்கோங்க அத்தை” என்பார். “பாத்துக்கிட்டுதான்பா இருக்கேன்” என்பேன். நம் மொழியில் கண்ணால் பார்ப்பதற்கும் கவனித்துக்கொள்வதற்கும் ஒரே சொல்தான் வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் அந்த வாட்ச் வந்தது.

மகன் லீவில் வந்தபோது கொண்டுவந்தார். பெட்டியைத் திறக்கும்போது நானும் அங்கே இருந்தேன். தலையணை உறை கொடுக்கப் போனவள், கொடுத்த பிறகும் கொஞ்சம் நின்றேன். சர்வேயர் கல்யாணத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒன்று கட்டியிருந்தாராம். அப்போது ஊரே அவர் கையைத்தான் பார்க்குமாம். மகன் சின்னப் பையனாக இருந்தபோது, அதன் முதுகில் தண்ணீர் புகாது என்று எழுதியிருந்ததை நம்பி, வெந்நீர்ப் பானையில் போட்டுப் பார்த்துவிட்டார். “அன்னிக்கு வெந்துபோன நேரம்தான், இன்னும் எனக்குச் சரியாகல” என்று சர்வேயர் சொல்லுவார். அந்தப் பாவத்தைத் தீர்க்கத்தான் மகன் இதைத் தேடிப் பிடித்திருந்தார். பழைய வாட்சையே மறுபடி புதிதாகச் செய்து விற்கிறார்களாம்.

பார்த்தால் அசல் பழசு. எஃகு மாதிரி மினுக்குகிற பிளாஸ்டிக், சாம்பல் கண்ணாடி, குச்சி குச்சியாய் நிற்கும் கறுப்பு எண்கள், மணிக்கொரு தரம் ஒரு ‘பீப்’. பக்கத்தில் விளக்குப் பொத்தான். அழுத்தினால் உயிர் போகிற மின்மினி மாதிரி ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம். இந்தக் காலத்தில் இதைவிட நல்ல விளக்கு வைக்க முடியாதா என்று கேட்டேன்.

“பழசு மாதிரியே இருக்கணும்னு கஷ்டப்பட்டு மங்கலா பண்ணியிருக்காங்க அத்தை” என்றார், பெருமையாக.

நல்ல மாட்டை நொண்டப் பழக்கியது போல என்று நினைத்துக்கொண்டேன். பெட்டிமேல் ‘உங்கள் இளமை, மறுபடி உங்கள் மணிக்கட்டில்’ என்று அச்சடித்திருந்தது. சர்வேயரின் மணிக்கட்டைப் பார்த்தேன். இளமை வந்து உட்கார அங்கே சதை இல்லை.

புதிய மொந்தையில் பழைய கள் என்பார்கள். இது பழைய மொந்தையில் புதிய கள். அடிப்பக்கம் பச்சையாக ஒரு விளக்கு மினுங்கும். அது நாடியைப் பிடிக்கும், நடக்கிற அடிகளை எண்ணும், தூக்கத்தை அளக்கும். உள்ளேயே ஒரு சிம் இருந்து எல்லாவற்றையும் உடனுக்குடன் மகனின் கைபேசிக்கு அனுப்பிவிடும்.

“இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்லை அத்தை” என்றார் மகன்.

தொந்தரவு. என் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளையும் அந்த ஒரு சொல்லில் மடித்து உள்ளே வைத்துவிட்டார். நான் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆள் இல்லை நான்.

அவர் போன பிறகு போன் நின்றுவிட்டது. பெரிய மனசு பண்ணி நானே ஒருநாள் கூப்பிட்டேன்.

“அப்பா நேத்து பூங்காவுக்குப் போனாருப்பா.”

“தெரியும் அத்தை. நல்லா நடந்திருக்காரு. வாட்ச்ல வந்துச்சு.”

“யார்கூட நடந்தாருன்னு வந்துச்சா?”

மறுமுனையில் சிரித்தார். “அது எதுக்கு அத்தை நமக்கு?”

எதற்கு நமக்கு என்று கேட்கிற மனிதரிடம் அதற்குமேல் என்ன பேச? நர்ஸம்மாவோடு நடந்தார் என்பதை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

வாட்ச் என் கைக்கு வந்தது நான் செய்த சூழ்ச்சி என்று அந்த மகன் உங்களிடம் சொல்லியிருப்பார். இல்லை. அவர் அப்பாதான் கொண்டுவந்து கொடுத்தார்.

“டெய்லரம்மா, இது வாட்ச் இல்ல, கடிநாய். கையில இருக்கிற நாலு முடியையும் பிடிச்சு இழுக்குது. உள்பக்கம் துணி வெச்சு ஒரு பட்டி தெச்சுக் குடுங்க.”

“சார்ஜரோட வெச்சுட்டுப் போங்க. நாளைக்கு வாங்கிக்கலாம்.”

நாளைக்கு என்பது எங்கள் தொழிலில் ஒரு மரியாதைச் சொல். கொடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். கல்யாணப் பெண்ணே வந்து நின்றாலும் ‘பொத்தானுக்குக் காஜா எடுக்கிறது மட்டும்தான் பாக்கி, நாளைக்கு’ என்றுதான் சொல்லுவோம். அதைப் பொய் என்று யாரும் எழுதிவைத்ததில்லை. நாளை என்று ஒன்று எப்போதும் இருக்கத்தானே செய்கிறது?

அளவு பார்க்க என் கையில் கட்டினேன், கழற்ற மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் சர்வேயர் சிரித்துக்கொண்டே இறங்கிவந்தார்.

“ராத்திரி நான் அருமையா தூங்கினேனாம். பையன் போன் பண்ணிப் பாராட்டுறான். நான் விடிய விடிய கொட்டக் கொட்ட முழிச்சிட்டுக் கிடந்தேன்.”

“அப்ப தூங்கினது நான்தான்” என்றேன்.

“நல்லாத்தான் தூங்குறீங்க. எனக்காக இன்னும் ரெண்டு நாள் தூங்குங்களேன். புண்ணியமாப் போகும்.”

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எண்கள் சரியில்லை என்றால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று மகன் சொல்லியிருந்தார். அன்பாகத்தான் சொன்னாராம். சர்வேயருக்கு அந்த அன்பு பிடிக்கவில்லை. அதனால் அவருடைய நெஞ்சு மேலே இருந்தது, நாடி கீழே என்னிடம் இருந்தது. வாட்ச் வெளியே தெரியாமலிருக்க நான் முழுக்கைச் சட்டைக்கு மாறினேன்.

“என்ன டெய்லர், திடீர்னு முழுக்கை?” என்று நர்ஸம்மா கேட்டாள்.

“பழைய பாணி திரும்ப வந்திருக்கு.”

“அப்படியா? எனக்கும் ரெண்டு தெச்சுக் குடு” என்று துணி கொடுத்துவிட்டு மகள் பிரசவத்துக்குக் கிளம்பிப் போனாள். இப்படித்தான் பாணிகள் திரும்ப வருகின்றன.

இனிமேல் எழுதப்போவதை நீங்கள் நிதானமாகப் படிக்கவேண்டும்.

எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. கட்டியவரும் பாதியில் போய்விட்டார். துணியோடு என்னைத் தேடி வருவார்கள், அளவு சொல்வார்கள், குறை சொல்வார்கள். என்னை நாடி வந்தவர் யாரும் இல்லை, என் நாடியைப் பிடித்துப் பார்த்தவரும் இல்லை. ஒருநாள் தண்ணீர் விஷயமாக வீட்டு ஓனரோடு சண்டை போட்டேன். கொஞ்ச நேரத்தில் சர்வேயர் மாடிப்படியில் நின்று குனிந்து கேட்டார். “டெய்லரம்மா, என்ன பண்ணீங்க? பல்ஸ் ஏன் ஏறிப்போச்சு, உடம்புக்கு என்னன்னு பையன் பதறுறான்.”

கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர், எனக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருக்கிறார். அவர் அப்பா என்று நினைத்துப் பதறினார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் துடித்தது என் நாடி. அதை அவர் பார்த்திருக்கிறார். அன்று இரவு சீக்கிரமே படுத்துக்கொண்டேன், அவருக்கு நல்ல தூக்கம் காட்டவேண்டும் என்று. காலையில் இரண்டு தெரு அதிகமாக நடந்தேன். சர்வேயர் வந்து, “சபாஷ் அப்பான்னு சொன்னான்” என்றால் எனக்கு நாள் முழுக்க மெஷின் பஞ்சு மாதிரி ஓடும்.

நான் நன்றாகச் செய்தேன். அதுதான் வினையாயிற்று என்று நீங்கள் சொல்லக்கூடும். மகன் தன் கைபேசியில் வந்து விழுந்த நாடிக் கோடுகளை அப்பாவின் டாக்டருக்கு அனுப்பினார். டாக்டரும் கைபேசியிலேயே பார்த்து, இந்த நெஞ்சுக்கு இவ்வளவு மருந்து எதற்கு என்று மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

“உங்க புண்ணியத்துல எனக்கு மாத்திரை குறைஞ்சுது” என்று சர்வேயர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு குறைந்தது. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து நின்றார். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. இதெல்லாம் ஜன்னலிலிருந்து எனக்குத் தெரிந்தது. வாட்சுக்குத் தெரியவில்லை, பாருங்கள்.

ஒருநாள் வந்து, “பட்டி முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

“நாளைக்கு.”

அடுத்த நாளும் வந்தார். முகம் வெளுத்திருந்தது. “டெய்லரம்மா, பட்டி கிட்டி ஒண்ணும் வேணாம். அப்படியே குடுங்க, கட்டிக்கிறேன். முடியலடான்னு நான் வாயால சொல்லமாட்டேன். அதுவே அவனுக்குச் சொல்லட்டும்.”

நான் அவருக்கு நல்லதைத்தான் எடுத்துச் சொன்னேன். “கட்டிக்கோங்க. திடீர்னு எல்லா எண்ணும் கவிழ்ந்தா பையன் சும்மா இருப்பாரா? இத்தனை நாள் யார் கையில இருந்ததுன்னு கேப்பாரு. அப்புறம் உங்களை இங்கே தனியா விட்டுவைப்பாரா? நிதானமா, கொஞ்சம் கொஞ்சமா மாத்துவோம். ஓரம் மட்டும்தான் பாக்கி. நாளைக்குத் தந்துடறேன்.”

அவர் என் முழுக்கையைப் பார்த்தார். உள்ளே வாட்ச் ‘பீப்’ என்றது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனார்.

மறுநாள் மதியம் மேலே தொம்மென்று ஒரு சத்தம். அரிசி மூட்டையை இறக்கிய மாதிரி. அதன் பிறகு அவருடைய கைத்தடி தரையைத் தட்டியது. ஏதாவது வேண்டுமென்றால் அப்படித் தட்டுவார், நான் போவேன், அது எங்களுக்குள் வழக்கம். அன்று தட்டல் ஒழுங்காக இல்லை. இரண்டு தட்டு, இடைவெளி, ஒன்று, பெரிய இடைவெளி. நான் மெஷினை நிறுத்தினேன். மேலே போன் அடித்தது, ஓய்ந்தது. பிறகு என் போன் அடித்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மகனின் பெயர்.

“அத்தை, நல்லா இருக்கீங்களா? அப்பா போனை எடுக்கல. ஆனா வாட்ச்ல பல்ஸ் அறுபத்தெட்டு காட்டுது, அருமையா இருக்கு. தூங்குறாரா?”

மேலே இன்னொரு தட்டு கேட்டது.

“ஆமாம்பா. மதியத் தூக்கம்.”

“அப்ப எழுப்பவேண்டாம் அத்தை.”

“சரிப்பா. எழுப்பல.”

எழுப்பவேண்டாம் என்று சொன்னவர் அவர். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நான் உடனே மேலே ஓடியிருக்கலாம். ஓடினால் நாடி ஏறும், அங்கே அவர் பதறுவார், அத்தனை தூரத்திலிருந்து என்ன செய்வார் பாவம். அதனால் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தேன். மூச்சை மெதுவாக விட்டேன். மேலே தட்டுவது நிற்கும்வரை அப்படியே இருந்தேன்.

பிறகு மறுபடி மேலே போன் அடித்தது. யாரோ விடாமல் கூப்பிட்டார்கள். தூங்குகிறவருக்கு இடைஞ்சல் என்று மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு ஏறினேன். மாற்றுச் சாவி என்னிடம்தான் இருந்தது, நம்பிக்கையான ஆளிடம்தானே கொடுப்பார்கள். சர்வேயர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். போன் தரையில், அவர் விரல் நுனிக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. மிதிபடக் கூடாதே என்று எடுத்துச் சத்தத்தை அடைத்து, மேசைமேல் வைத்தேன். அவர் கண் திறந்துதான் இருந்தது. என் கையைப் பார்த்தார்.

“தெச்சாச்சா?” என்றார். காற்றுதான் வந்தது, ஆனாலும் எனக்குப் புரிந்தது.

“நாளைக்கு” என்றேன்.

வாய் பழக்கம். கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன்.

அடுத்த இரண்டு நாட்களும் மகன் எனக்குத்தான் போன் செய்தார். அப்பாவின் போன் பழுது என்று சொன்னேன். “பரவாயில்ல அத்தை, வாட்ச்ல பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இந்த வாரம் மாதிரி அவர் எந்த வாரமும் நடந்ததில்ல” என்றார். உண்மைதான். நான் கால் வலிக்க நடந்தேன். வாட்ச் கம்பெனியிலிருந்து சர்வேயருக்கு வாழ்த்தும் ஒரு பதக்கப் படமும் வந்ததாம். அதைத் தன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பியதாகச் சொன்னார். பிறகு என்னிடம், “நீங்க எப்படி இருக்கீங்க அத்தை?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன். அது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

நர்ஸம்மா மகளின் பிரசவத்தை முடித்துத் திரும்பி வந்த அன்றுதான் குட்டு உடைந்தது. கதவைத் தட்டியிருக்கிறாள், திறக்கவில்லை, ஏதோ வாடை. வீட்டு ஓனரைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தாள். மகனுக்கு வீடியோ இல்லாமல் வெறும் போன் போட்டு, சத்தமாகப் பேசும்படி வைத்தாள். நான் கீழே இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டேன்.

“தம்பி, மனசைத் திடப்படுத்திக்கோ. அப்பா போயிட்டாரு. ரெண்டு நாளாவது ஆகியிருக்கும்.”

“என்னம்மா உளறுறீங்க? அப்பாவுக்குப் பல்ஸ் இருக்கு. எழுபத்திரண்டு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

“நான் நர்ஸுப்பா. நாப்பது வருஷம் கை பிடிச்சுப் பாத்தவ.”

“இல்லம்மா, இதோ எண்பது. தொண்ணூறு. நடக்கிறாரு. படி ஏறுறாருன்னு காட்டுது. நீங்க வேற யாரையோ பாக்கறீங்க.”

அப்போது நான் படி ஏறிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு காரியம் என்றால் போகாமல் இருக்க முடியுமா? வாசலில் நான் போய் நின்றதும், “நின்னுட்டாரு” என்றது போன். நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வந்து என் முழுக்கையை முழங்கை வரை சுருட்டினாள். போனில் அந்தப் பிள்ளை, “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பதில் சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை.

ஆகவே, சத்தம் கேட்டது உண்மை, போகாதது உண்மை, போனை எட்டாத இடத்தில் வைத்ததும், உயிரோடிருந்தவரை வைத்துப் பூட்டியதும் உண்மை. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் இதற்கு வைத்திருக்கிற பெயரை மட்டும் நான் ஒப்புக்கொள்ள முடியாது. என்னிடம் அத்தாட்சி இருக்கிறது. அந்த மகனின் கைபேசியை வாங்கி, அன்று மதியம் மேலே தடி தட்டிய நேரத்துக் கோட்டைப் பாருங்கள். ஒரு மேடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது, நூல் பிடித்த மாதிரி போகிறது. அதன் கீழே வாட்ச் தானாகவே பச்சை எழுத்தில் ‘ஆழ்ந்த உறக்கம்’ என்று போட்டிருக்கிறது. கொலை செய்கிறவளுக்கு அப்படி ஒரு தூக்கம் வருமா, நீங்களே சொல்லுங்கள்.